சிறு துறைமுகத்துக்குச் சரக்கா? இறங்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

சிங்கப்பூரில் சரக்கை ஏற்றுவதில் பெரும்பாலும் தடங்கல் வருவதில்லை. ஜூரோங் துறைமுகத்தில் ஆழம் இருக்கிறது, கிரேன் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். தடங்கல் வருவது மறுமுனையில்தான். சரவாக்கின் சிபு, சுமத்ராவின் ஜம்பி போன்ற ஆற்றுத் துறைகளிலும், ஒரு ஜெட்டியும் (கப்பல் அணையும் மேடை) இரண்டு ஃபோர்க்லிஃப்டும் மட்டுமே உள்ள தீவுத் துறைகளிலும் நாள்கணக்கில் கப்பல் நிற்கும். ஆகவே கப்பலுக்கு விலை கேட்பதற்கு முன்பே, இறங்கும் துறையின் ஏஜென்ட்டிடம் கீழே உள்ளவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆழம்

கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம், நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கானது. அதோடு அன்றைய ஓதத்தின் (கடல்நீர் ஏற்றத்தின்) உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு கப்பலின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே துறைமுகம் கேட்கும் இடைவெளியைக் கழியுங்கள். வழியில் ஆழம் மிகக் குறைந்த இடம் 4.5 மீட்டர், உயர் ஓதம் 1.6 மீட்டர், இடைவெளி 0.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கப்பல் 5.5 மீட்டர் வரை அமிழலாம்.

ஆற்றுத் துறை என்றால் இன்னொரு படி இருக்கிறது, பலர் தவறுவது இங்கேதான். கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1.000. ஆற்றுக்குள் நுழைந்ததும் அதே கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழும். சரக்கு, எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கப்பலின் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த எத்தனை டன் வேண்டும் என்பதை நான்கால் பெருக்கி, அந்த எண்ணால் மொத்த எடையை வகுத்தால் விடை மில்லிமீட்டரில் வரும். 5,000 டன் எடையும் சென்டிமீட்டருக்கு 10 டன்னும் உள்ள கப்பலுக்கு 125 மில்லிமீட்டர். அதனால் சிங்கப்பூரில் 5.37 மீட்டரோடு ஏற்றுவதை நிறுத்த வேண்டும். 5.5 வரை ஏற்றிவிட்டால் ஏறக்குறைய 125 டன் கூடுதலாக இருக்கும். அதை ஆற்று முகத்துவாரத்தில் பார்ஜ் (தட்டையான சரக்குத் தோணி) பிடித்து இறக்குவதற்கு ஆகும் செலவு, அந்தச் சரக்கின் கப்பல் கூலியைவிட அதிகமாகிவிடலாம்.

ஆழத்தை எந்தத் தேதியில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். பெருமழைக்குப் பிறகு வண்டல் சேர்ந்து, போன வருட எண் இந்த வருடம் பொய்யாகிவிடும். ஓதம் வற்றும்போது ஜெட்டியோரம் கப்பல் சேற்றில் அமருமா என்பதும் முக்கியம். அமரும் என்றால் கப்பல் உரிமையாளர் அதற்கு ஒப்பந்தத்திலேயே சம்மதித்திருக்க வேண்டும்.

தூக்குவது

கரையில் கிரேன் இல்லையென்றால் சொந்தக் கிரேன் உள்ள கப்பலையே எடுங்கள். "25 டன் கிரேன்" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். கிரேனின் கை வெளியே நீள நீளத் தூக்கும் எடை குறையும், ஆகவே ஜெட்டியில் சரக்கு இறங்கும் தூரத்துக்கு எத்தனை டன் என்று கேளுங்கள். கொக்கிக்குக் கீழே தொங்குவது எல்லாமே கணக்கில் சேரும். 22 டன் இயந்திரத்தோடு 1.5 டன் தூக்குச்சட்டமும் 300 கிலோ ஸ்லிங் (தூக்குக் கயிறு), ஷேக்கிளும் (இணைப்பு வளையம்) சேர்ந்தால் 23.8 டன்.

ஸ்லிங்கின் கோணத்தைக் கவனியுங்கள். 10 டன் சரக்கை இரண்டு கால் ஸ்லிங்கால் தூக்கும்போது, கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொரு காலுக்கும் சுமார் 5.8 டன் இழுவிசை வரும். அதே ஸ்லிங் தாழ்ந்து 30 டிகிரிக்கு வந்தால் ஒவ்வொரு காலும் முழுப் 10 டன்னைத் தாங்க வேண்டும். ஸ்லிங் அறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டியின் மேல் எடை, மையப்புள்ளி, தூக்கும் இடம் மூன்றையும் பெயின்ட்டால் எழுதுங்கள். ஒட்டிய காகிதம் மழையில் போய்விடும்.

பிறகு தரை. பழைய ஜெட்டிகள் ஒரு சதுர மீட்டருக்கு 2 டன் மட்டுமே தாங்கலாம். 40 டன் டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்பாகம் 8 சதுர மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 5 டன் விழும். எஃகுத் தகடும் கனமான கட்டைகளும் பரப்பி 20 சதுர மீட்டருக்குச் சுமையைப் பிரித்தால்தான் அந்த ஜெட்டியில் வைக்க முடியும். தகடுகளை இங்கிருந்தே கப்பலில் ஏற்றிவிடுங்கள், அங்கே போய்த் தேடாதீர்கள். நேரடியாக லோ-பெட் டிரெய்லரில் (தாழ்ந்த தளம் உள்ள கனரக வண்டி) இறக்குவதானாலும் அச்சுக்கு எத்தனை டன் விழும் என்று இதேபோல் பார்க்க வேண்டும்.

கண்டெய்னர்

சிறு துறையில் ரீச் ஸ்டாக்கர் (கண்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி) இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் 20 அடிப் பெட்டியே நல்லது. அதில் ஃபோர்க் நுழையும் குழிகள் இருக்கும், 40 அடியில் வழக்கமாக இருக்காது. அங்குள்ள ஃபோர்க்லிஃப்டின் திறனைக் கேட்டு, அதற்குள் அடங்குமாறு பெட்டியை நிரப்புங்கள். காலிப் பெட்டியே சுமார் 2.2 டன் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. அந்த எண்ணையே இறங்கும் துறைக்கும் அனுப்பிவிடுங்கள்.

லாரி

இறக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லாரிதான். ஒரு கிரேன் கொக்கி மணிக்கு 20 தூக்கு, தூக்குக்கு 1.5 டன் மூட்டை என்றால் 30 டன். லாரி 15 டன் ஏற்றும் என்றால் மணிக்கு இரண்டு லாரி நிரம்பும். நிரம்ப அரை மணி, கிடங்குக்குப் போய் இறக்கித் திரும்ப ஒரு மணி, ஆக ஒரு சுற்று ஒன்றரை மணி. ஒரு கொக்கிக்கு மூன்று லாரி வேண்டும், பழுதுக்கு ஒன்று கூடுதல். கிடங்கில் இறக்க ஆள் குறைந்து சுற்று இரண்டரை மணியானால் ஐந்து லாரி தேவைப்படும், இல்லையேல் கொக்கி சும்மா தொங்கும்.

சிமென்ட், அரிசி போன்ற மூட்டைகளுக்கு மழைத்தூறல் விழுந்தாலே சரக்கறை மூடிகளைச் சாத்த வேண்டும். தாமதக் கட்டணம் இல்லாமல் இறக்கக் கிடைக்கும் நேரக் கணக்கில் மழை நேரம் சேருமா, ஞாயிறு சேருமா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். வடகிழக்குப் பருவக்காற்றால் மழை மிகும் நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த ஒரு வரியால் பல நாள் தாமதக் கட்டணம் மிச்சமாகும்.

தாள்

ஏற்றுமதி பெர்மிட்டை டிரேட்நெட் (சிங்கப்பூரின் மின்னணு பெர்மிட் முறை) வழியாகச் சரக்கு புறப்படும் முன்பே வாங்குங்கள். சுங்கத்துக்கான சரக்குக் குறியீட்டில் (HS) முதல் ஆறு இலக்கம் அநேகமாக எல்லா நாட்டிலும் ஒன்று, அதற்குப் பின்வருவது மாறலாம். வாங்குபவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். சரக்குக்கு அடியில் போடும் கட்டைகளும் மரப்பெட்டிகளும், உட்பகுதியை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பூச்சி நீக்கிய முத்திரையோடு இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு கட்டைக்காக முழுச் சரக்கையும் நிறுத்தி வைக்கலாம்.

கடைசியாகக் கப்பல் ரசீது (பில் ஆஃப் லேடிங்). பயணம் இரண்டு மூன்று நாள்தான், ஆனால் வங்கி வழியாகப் போகும் அசல் ரசீது ஒரு வாரம் கழித்தே போய்ச் சேரும். அசல் இல்லாமல் ஏஜென்ட் சரக்கை விடமாட்டார். வாங்குபவர் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தால், ஏற்றியவுடன் அசலைச் சிங்கப்பூரிலேயே திருப்பிக் கொடுத்து டெலக்ஸ் ரிலீஸ் (அசல் இல்லாமலே சரக்கை விடும்படி அங்குள்ள ஏஜென்ட்டுக்குத் தகவல்) செய்துவிடுங்கள். பணம் வராத நிலையில் அசலை விடாதீர்கள். அந்த ஒரு வாரத்துக்கு அங்கே கூரையுள்ள கிடங்கு வாடகைக்குக் கிடைக்குமா, நாளுக்கு எவ்வளவு என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவையுங்கள்.