மேலத்தெரு மேற்கில், வரைபடத்தில் மேலே வடக்கு: சமூக அறிவியல் வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

"காவிரி எந்தத் திசையில் ஓடுகிறது?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டேன். சுவரில் தமிழ்நாடு வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பையன் ஆற்றின் கோட்டைப் பார்க்கவே இல்லை. கையை மேலிருந்து கீழே இழுத்து, "வடக்கேருந்து தெற்கே, டீச்சர்" என்றான். அவன் வீடு கீழத்தெருவில். கொல்லைக்குப் பின்னால் காவிரியின் கிளையான அரசலாறு. குளிக்கும்போது சோப்பு நழுவினால் எந்தப் பக்கம் போய்த் தேடவேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தவறு அவனுடையது அல்ல. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், அதைத்தான் சொன்னான். வரைபடத்தைச் சுவரில் மாட்டிய நான்தான் வடக்கை மேடாக்கிவிட்டேன்.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள குழப்பம். நம் மொழியில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் சரிகிற விதமே திசைக்குப் பெயராகிவிட்டது. டெல்டாவில் கோயிலைச் சுற்றி மேலவீதி, கீழவீதி இல்லாத ஊர் அபூர்வம். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளையிடம் வரைபடத்தைக் காட்டி "மேலே இருப்பது வடக்கு" என்கிறோம். இரண்டு 'மேல்' மோதிக்கொள்கின்றன. நமக்குப் பழகிவிட்டதால் அந்த மோதல் கண்ணில் படுவதில்லை.

வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். காலை வெயில் வரும் பக்கம் வங்கக்கடல் இருக்கும்படி திருப்பிவையுங்கள். சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருப்பதையும், அரசலாறு காரைக்காலில் கடலைச் சேர்வதையும் தாங்களே விரலால் தொடர்ந்து போவார்கள். மறுபடி சுவரில் மாட்டுவது அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது, பருவமழை ஒரு பாடம், அணை இன்னொரு பாடம் என்று பிரித்துவைப்பது. "தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் அதிக மழை தருகிறது" என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் ஓடுவது எந்த மழைத் தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள், அதே பதில்தான் வரும். வடகிழக்கு மழை அக்டோபருக்கு மேல்தானே? ஆடியில் இங்கே வெயில். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் கர்நாடகாவின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் வழியாக மேட்டூருக்கு வருகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குறுவை நெல்லுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. இந்த எண்களைப் பிள்ளைகள் வீட்டில் தினமும் செய்தியில் கேட்கிறார்கள். நம் வகுப்பில்தான் அவை வருவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. காவிரிப் பேச்சை எடுத்தால் "கர்நாடகாக்காரன் தண்ணி தரமாட்டான்" என்று ஒரு குரல் வரும். சிரித்துக் கடந்துவிடாதீர்கள். கர்நாடகாவின் மண்டியாவிலும் நெல், கரும்பு போடுகிறார்கள், அங்கேயும் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. மழை குறைந்த வருடத்தில் அந்தப் பிள்ளை நமக்கு என்ன கடிதம் எழுதும் என்று எழுதச் சொல்லுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று தீர்த்ததையும், அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்ததையும் அதன் பிறகு சொன்னால், அது வெறும் குடிமையியல் குறிப்பாக நிற்காது.

வரலாற்றில் பெரிய தவறு ஆண்டுகளைச் சொல்வதல்ல, ஆண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லாமல் விடுவது. கரிகாலனும் ராஜராஜனும் சோழர்கள் என்பதால் தாத்தா, பேரன் போலப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஓர் அடி எடுத்துவைத்தால் நூறு ஆண்டு என்று வைத்து, பின்னால் நடக்கச் சொல்லுங்கள். மேட்டூர் அணை (1934) ஓர் அடிக்குள்ளேயே வந்துவிடும். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் (1930) அதற்கு ஒட்டினாற்போல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு (1010) பத்து அடி. கரிகாலனுக்கு இன்னும் எட்டு, ஒன்பது அடி போகவேண்டும். ராஜராஜனுக்குக் கரிகாலன், நமக்கு ராஜராஜன் இருப்பதுபோல அவ்வளவு பழையவன் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விழும். காலையிலோ மாலையிலோ அழைத்துப்போய்க் காட்டினால் போதும். கல்லணையும் அப்படித்தான். அடித்தளம் பழையது, மேலே நாம் நடக்கிற பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்தில் சேர்ந்தவை. இதைச் சொன்னால் கரிகாலன் பெருமை குறைந்துவிடாது.

இனி நான் வெட்கப்படும் தவறு. பானையில் ஓலைச்சீட்டுப் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் பழைய குடவோலை முறையை நடத்திக்கொண்டிருந்தேன். பானை, ஓலைக்குப் பதில் காகிதத் துண்டு, சீட்டெடுக்க ஒரு சின்னப் பையன் என்று எல்லாம் தயார். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள தகுதிகளை வாசித்தேன்: கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்), சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேத அறிவு. வேலி என்பது நில அளவு, கால் வேலி என்றால் ஐந்து மா என்று விளக்கிவிட்டு, "வீட்டில் ஐந்து மாவுக்கு மேல் நிலம் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றேன். மூன்று பேர் நின்றார்கள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி நோட்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா அந்த மூவரில் ஒருவர் வீட்டு வயலில்தான் நடவுக்குப் போகிறார். எனக்கு அது உறைக்கும்போது மணி அடித்துவிட்டது.

டெல்டாவில் நிலம் என்பது வெறும் தகவல் அல்ல. யார் வீட்டில் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால் சாதியைக் கேட்டதாகவே ஆகிவிடும். இப்போது சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு சீட்டில் "வயது 40, அரை வேலி, வேதம் கற்றவர்". இன்னொன்றில் "வயது 50, நிலம் இல்லை, குயவர்". மற்றொன்றில் "வயது 45, பெண்". யாருடைய சீட்டு பானைக்குள் போகும், யாருடையது போகாது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம்" என்ற வாக்கியத்தை நான் கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டேன். அது வாக்கெடுப்பு இல்லை, திருவுளச்சீட்டு. அதுவும் ஒரு பிராமண ஊரின் சபைக்கு. ஆனால் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டிக்கு வரக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அதையும் படிக்கவேண்டும். இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன என்பதுதான் பாடம்.

குடிமையியலில் நாம் செய்யும் தவறு சின்னது, வருடா வருடம் செய்கிறோம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதே நாளில்தான் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. ஓட்டுரிமை இல்லாதவர்கள் உறுப்பினர் ஆகமுடியாதுதான், ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பெற்றோரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் "கட்டுரை எழுதிக்கொண்டு வா" என்று சொல்லாதீர்கள், அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை பேர் பேசினார்கள், அதில் பெண்கள் எத்தனை, எத்தனை முறை வாய்க்கால் என்ற சொல் வந்தது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமை நோட்டைக் கொண்டுவந்தாள். "கையெழுத்து எழுபத்திரண்டு, டீச்சர். உட்கார்ந்திருந்தவங்க முப்பத்தொண்ணு. மீதிப் பேரு எங்க?" எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அந்தக் கையெழுத்துப் பதிவேட்டை ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி, தகவல் அறியும் உரிமைச் சட்டப் பாடத்தை இரண்டு வாரம் முன்னதாகவே எடுத்தேன்.