எம்பசி ஆபீசர் "ஆரம்பிச்சிடுங்க"ன்னு சொன்னா ஆரம்பிக்கலாமா? யாருக்கு என்ன அதிகாரம்னு பாக்குற வழி

அமெரிக்க எம்பசியோட கலாச்சாரப் பிரிவுல இருந்து ஒருத்தர் உங்க நிகழ்ச்சிக்கு வந்து முன் வரிசையில உக்காந்து பாத்துட்டு, போறப்ப "பிரமாதம், சேந்து ஏதாவது பண்ணலாம்"னு சொல்லிட்டுப் போனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது, எங்களுக்கும் வரல. எங்களது சின்ன நாடகக் குழு. ப்ரொபோசல் போட்டோம், கொஞ்ச நாள்ல அந்த ஆபீசரே போன்ல "எல்லாம் ஓகே மாதிரிதான் இருக்கு, ஆரம்பிச்சிடுங்க"ன்னார், நாங்களும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்து பேனர்லாம் அடிச்சாச்சு. மூணு வாரம் கழிச்சு கையெழுத்தான பேப்பர் வந்துச்சு. அதுல ப்ரோக்ராம் தொடங்குற தேதின்னு போட்டிருந்தது அந்த வாரம்! அதுக்கு முன்னாடி செஞ்ச செலவு எங்க தலையில. அந்த ஆபீசர் பொய் சொல்லல, நல்ல மனுஷன்தான், ஆனா அப்படிச் சொல்ற அதிகாரம் அவர்கிட்ட இல்ல. இந்த வித்தியாசம் புரியாமதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதான் இதை எழுதுறேன்.

எம்பசிக்காரங்க செய்யுற இந்த வேலைக்குப் பேர் பப்ளிக் டிப்ளமசி. வேற ஒண்ணுமில்ல, ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்தோட பேசாம அந்த நாட்டு மக்களோட நேரா பேசுறது. ஸ்காலர்ஷிப், கலை நிகழ்ச்சி, இங்கிலீஷ் வகுப்பு, சின்னச் சின்ன கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத நிதியுதவி), எல்லாம் இதுல வரும். நான் சொல்லப்போறது அமெரிக்காக்காரங்களைப் பத்தி மட்டும்தான், மத்த நாட்டுக்கு ரூல் வேற.

மொதல்ல அதிகாரம் எங்கேருந்து வருதுன்னு பாத்துடுவோம். 1948-ல ஸ்மித்-மண்ட் சட்டம், 1961-ல ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம், இந்த ரெண்டும்தான் அடித்தளம். 1953-ல இருந்து இந்த வேலைக்குன்னே யூஎஸ்ஐஏன்னு தனி ஏஜென்சி இருந்துச்சு, 1999 அக்டோபர் 1-ல அதைக் கலைச்சு ஸ்டேட் டிபார்ட்மென்டோட, அதாவது அவங்க வெளியுறவுத் துறையோட, சேத்துட்டாங்க. சட்டத்துல இருக்குற அதிகாரம் பேப்பர் பேப்பரா கீழ இறங்கி வரும், நடுவுல ஒரு பேப்பர் இல்லன்னா கீழ இருக்குறவருக்கு அதிகாரமே இல்ல, அவர் எவ்ளோ பெரிய சீட்ல உக்காந்திருந்தாலும் சரி. தூதரையே எடுத்துக்கோங்க. 1980 ஃபாரின் சர்வீஸ் சட்டத்தோட 207-வது பிரிவுப்படி அந்த நாட்டுல இருக்குற அமெரிக்க அரசு ஊழியர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் அவர் சொல்படிதான் நடக்கணும், ராணுவக் கமாண்டர் கீழ இருக்குறவங்க மாதிரி சில பேர் மட்டும் விதிவிலக்கு. ஆனா தூதர்ங்கிற ஒரே காரணத்துக்காக அவர் உங்க கிராண்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட முடியாது.

அப்போ யார் போடுவாங்க? கிராண்ட்ஸ் ஆபீசர். அவர் பேர்லயே வாரண்ட்னு ஒரு நியமனப் பத்திரம் இருக்கும், இத்தனை டாலர் வரைக்கும்னு வரம்பும் இருக்கும். உங்களோட தினமும் பேசுற ஆள் பெரும்பாலும் இவரா இருக்க மாட்டார். அங்கயே வேலை பாக்குற உள்ளூர் ஸ்டாஃபா இருக்கலாம், இல்ல கிராண்ட்ஸ் ஆபீசரோட ரெப்ரசன்டேட்டிவா (பிரதிநிதியா) இருக்கலாம். இந்த ரெப்ரசன்டேட்டிவ் நேர்ல வந்து பாக்கலாம், ரிப்போர்ட் கேக்கலாம், ஆலோசனை சொல்லலாம். பணத்தைக் கூட்ட, தேதியைத் தள்ள, வேலையோட நோக்கத்தை மாத்த அவரால முடியாது. அதனால மொத மீட்டிங் முடிஞ்சதுமே கூச்சப்படாம ஒரு ஈமெயில் தட்டிடுங்க: "இதுக்கு கிராண்ட்ஸ் ஆபீசர் யாரு, ரெப்ரசன்டேட்டிவ் யாரு, கையெழுத்துக்கு முன்னாடி செலவு செய்யலாம்னு எழுத்துல அனுமதி கிடைக்குமா?" இப்படிக் கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, இன்னும் சொல்லப்போனா மதிப்பு கூடும்.

"வாய்ல சொன்னா போதாதா, அவங்க அரசாங்க ஆளுதானே"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு கேஸ் சொல்றேன், கிராண்ட் கேஸ் இல்ல, பயிர் இன்சூரன்ஸ் கேஸ், ஆனா இன்னிக்கும் இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஐடஹோ மாநிலத்துல மெரில்னு கோதுமை விவசாயிங்க. குளிர்காலக் கோதுமை போட்ட நிலத்துலயே திரும்ப வசந்தகாலக் கோதுமை விதைச்சிருந்தாங்க, அரசு இன்சூரன்ஸோட உள்ளூர் ஏஜென்ட்கிட்ட அதை மறைக்காம சொல்லிக் கேட்டாங்க, அவரும் மொத்தத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டுன்னுட்டார். வறட்சி வந்து பயிர் போச்சு, போய்க் கேட்டா மறுபடி விதைச்ச நிலத்துக்கு விதிப்படி கிடையாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. 1947-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அஞ்சுக்கு நாலுன்னு, விவசாயிக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. அரசாங்கத்தோட ஒப்பந்தம் போடுறவன்தான் எதிர்ல இருக்குற ஏஜென்ட் தன் அதிகாரத்துக்குள்ள பேசுறாரான்னு பாத்துக்கணும், தப்பா சொன்னது அந்த ஏஜென்டுக்கே தெரியாம இருந்தாலும் அரசாங்கம் கட்டுப்படாதுன்னு. கொடுமையாத்தான் தோணுது எனக்கு, ஆனா ரூல் அதுதான்.

பேப்பர் கைக்கு வந்ததும் தொகையை மட்டும் பாத்துட்டு ஸ்டேட்டஸ் போடாதீங்க. தொடங்குற தேதி முடியுற தேதி பாருங்க, கையெழுத்துப் போட்டது யாருன்னு பாருங்க, அப்புறம் இது என்ன வகைன்னு பாருங்க. 1977-ல வந்த அமெரிக்கச் சட்டப்படி மூணு வகை: அவங்களுக்குச் சரக்கோ சேவையோ வேணும்னா கான்ட்ராக்ட், உங்க வேலைக்கு உதவின்னா கிராண்ட், உதவியும் குடுத்துட்டு அவங்களும் வேலைக்குள்ள கணிசமா கை வைப்பாங்கன்னா கோஆபரேட்டிவ் அக்ரிமென்ட். எங்களுக்கு வந்தது சாதா கிராண்ட், ஆனா எம்பசில ஒருத்தர் நாடக வசனத்துல கை வைக்கப் பாத்தார், பேப்பரைக் காட்டி மெதுவா "இது கிராண்ட்தானே சார்"னு சொன்னோம், விட்டுட்டார். இன்னொண்ணு, அந்தப் பணத்துல நீங்க உருவாக்குற வீடியோ, ஸ்க்ரிப்ட்டோட காப்பிரைட் உங்களுதுதான், ஆனா அரசு வேலைக்கு அதை ராயல்டி இல்லாம பயன்படுத்திக்கிற உரிமை அவங்களுக்கு உண்டு, அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. முன்கூட்டியே டீம்ல இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, இல்லன்னா பின்னாடி பாட்டு போட்டவர் சண்டைக்கு வருவார்.

பணம் விஷயத்துல அவங்க ஏன் இவ்ளோ கறார்னா, ஆன்டி-டெஃபிஷியன்சி சட்டம்னு ஒண்ணு இருக்கு. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்காத பணத்துக்கு ஒரு அதிகாரி அரசாங்கத்தைக் கடமைப்படுத்தவே கூடாது. தெரிஞ்சே வேணும்னே செஞ்சா 5,000 டாலர் வரை அபராதம், 2 வருஷம் வரை ஜெயில். அதனாலதான் "அடுத்த வருஷம் கண்டிப்பா"ன்னு எந்த ஆபீசரும் எழுத்துல குடுக்க மாட்டார். அவங்க நிதியாண்டு செப்டம்பர் 30-ல முடியுது, ஆகஸ்ட் செப்டம்பர்ல திடீர்னு ஈமெயில் மேல ஈமெயில் வந்தா காரணம் அதுதான், அந்த நேரத்துல உங்க பேப்பரெல்லாம் ரெடியா இருந்தா நல்லது.

விசா பத்தி சுருக்கமா. எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராமுக்கு (அமெரிக்கா போய்ப் படிக்க, பழக அனுப்புற திட்டம்) தேர்வானாலும் அதுக்கான ஜே-1 விசா குடுக்குறதா வேணாமான்னு முடிவு பண்றது விசா பாக்குற கான்சுலர் ஆபீசர், கலாச்சாரப் பிரிவுக்காரர் குடுன்னு உத்தரவு போட முடியாது. அரசுப் பணத்துல போறவங்களுக்கு ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருந்துட்டுதான் அமெரிக்கக் குடியேற்ற விசாவோ சில வகை வேலை விசாவோ கேக்கணும்னு நிபந்தனை இருக்கு, ஸ்காலர்ஷிப் சந்தோஷத்துல இதைப் படிக்காம விட்டுடுறாங்க.

அப்புறம் அடிக்கடி காதுல விழுற பழைய கதை ஒண்ணு, ஸ்டேட் டிபார்ட்மென்ட் வெளிநாட்டுக்காரங்களுக்காகத் தயாரிச்ச படம், நிகழ்ச்சியை அமெரிக்காவுக்குள்ள காட்டவே கூடாதுன்னு. ஒரு காலத்துல நெஜம்தான். 2013 ஜூலைல ஸ்மித்-மண்ட் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து, யாராவது கேட்டா குடுக்கலாம்னு ஆயிடுச்சு. ஆனா அமெரிக்க மக்களோட கருத்தை மாத்தணும்னே பப்ளிக் டிப்ளமசிப் பணத்தைச் செலவழிக்கிறதுக்குத் தடை இன்னும் இருக்கு.

நீங்க இருக்குற நாட்டுப் பக்கம் இருந்து பாத்தா வேற கணக்கு. தூதரக உறவு பத்தின 1961 வியன்னா ஒப்பந்தத்தோட 3-வது பிரிவு கலாச்சார உறவை வளக்குறதைத் தூதரகத்தோட வேலைன்னே சொல்லுது, ஆனா 41-வது பிரிவுல உள்ளூர்ச் சட்டத்தை மதிக்கணும், உள்விவகாரத்துல தலையிடக்கூடாதுன்னும் இருக்கு. உங்க ஊர் மண்ணுல உங்களுக்கு உத்தரவு போட எம்பசி ஆபீசருக்கு எந்த அதிகாரமும் இல்ல, அவர் பேரைச் சொல்லி நீங்களும் பர்மிஷனைத் தாண்ட முடியாது. அவருக்கு இம்யூனிட்டி (உள்ளூர்ல வழக்கு போட முடியாத பாதுகாப்பு) இருக்கு, உங்களுக்கு இல்ல. வெளிநாட்டுப் பணம் வாங்க உங்க நாட்டுல என்ன அனுமதி வேணுமோ அதை மொத ரூபாய் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, எம்பசிக்காரங்க அதை உங்களுக்காகச் செஞ்சு தர மாட்டாங்க.

கடைசியா கணக்கு. பட்ஜெட்ல மதுப் பார்ட்டி செலவைப் போடாதீங்க, கண்டிப்பா அடிச்சிடுவாங்க. வேலை முடிஞ்சு கடைசி கணக்கு ரிப்போர்ட் குடுத்த நாள்ல இருந்து 3 வருஷம் பில்லெல்லாம் பத்திரமா இருக்கணும். எங்க ஃபைல்ல அந்த மண்டப அட்வான்ஸ் ரசீதும் இருக்கு, தேதி மேல யாரோ சிவப்புப் பேனால வட்டம் போட்டிருக்காங்க.