பாலைவனப் பல்லிக்கு வாழிட வரைபடம் போடுவது எப்படி?

கலிஃபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய சமவெளிகளிலும் மட்டுமே வாழும் மழுங்கிய மூக்குச் சிறுத்தைப் பல்லியை எடுத்துக்கொள்வோம். 1967-லேயே அமெரிக்க அரசின் அழியும் இனங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்ட பிராணி இது. அதன் நிலம் பெரும்பகுதி வயலாகிவிட்டது, மிச்சத்தில் எதைக் காப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை, பல்லி தென்பட்ட இடங்களைத் திரட்டுவது. அருங்காட்சியகப் பதிவுகள், உயிரினங்கள் தென்பட்ட பதிவுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி வைக்கும் ஜிபிஃப் (GBIF) தரவுத்தளம், கள ஆய்வுகள் என எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, இடம் துல்லியமாக இல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். ஆனால் இன்று வயலாகிவிட்ட இடத்தின் பழைய பதிவு என்றால், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். எந்த மழையளவும் மண்ணும் சரிவும் இந்தப் பல்லிக்கு ஒத்துவந்தன என்பதை அதுதான் சொல்லும். அதை விட்டால், உழவுக்கு உதவாத ஓர நிலங்களைத்தான் பல்லி விரும்புகிறது என்று கணினி தப்பாகப் புரிந்துகொள்ளும்.

ஆகவே வரைபடம் இரண்டு வேண்டும். மழை, வெப்பம், மண், சரிவு இவற்றை வைத்து மேக்ஸென்ட் (தென்பட்ட இடங்களின் சூழலைப் பார்த்து, வேறு எங்கெல்லாம் வாழ ஏற்றது என்று கணிப்பது) போன்ற மென்பொருளில் போடுவது முதலாவது, அதாவது முன்பு எங்கெல்லாம் வாழ்ந்திருக்கலாம் என்பது. அதிலிருந்து வயல், ஊர், சாலை, சோலார் பண்ணை எல்லாவற்றையும் வெட்டி எடுத்தால் கிடைப்பது இரண்டாவது. கையில் இருப்பது அவ்வளவுதான், பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் புல். வெளியிலிருந்து வந்த புற்கள் அடர்ந்து மண்டினால் இந்தப் பல்லியால் ஓடவே முடியாது, அதற்கு வெட்டவெளி வேண்டும். 30 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் புல்லின் அடர்த்தியைப் பார்க்கலாம், ஆனால் ஒரே ஆண்டுப் படத்தை நம்பாமல் நல்ல மழை பெய்த ஆண்டு, வறண்ட ஆண்டு இரண்டையும் எடுங்கள். கங்காரு எலி வளைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் இன்னும் நல்லது, பல்லி ஒதுங்குவது பெரும்பாலும் அவற்றில்தான்.

முதல் வரைபடத்தின் கணிப்பைச் சரிபார்க்கும்போது, கணிக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று பதிவுகளைக் கண்டபடி பிரிக்காமல் நிலப்பகுதி வாரியாகப் பிரியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துச் சோதித்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும், அர்த்தம் இருக்காது.

கடைசியில் களத்துக்குப் போக வேண்டும், வளர்ந்த பல்லிகளைப் பார்க்க ஏப்ரல் முதல் ஜூலை வரை சரியான காலம். கடும் வறட்சி ஆண்டில் அவை வளையை விட்டு வெளியே வராமலே இருந்துவிடுவதுண்டு, அதனால் ஒரு பருவம் கண்ணில் படவில்லை என்பதற்காக எந்த நிலத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.