கரையில் தெரிகிற கடல்: சிறு படகில் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

ஆடி மாதத்துக் காலை ஆறு மணிக்குச் செருதூர்க் கரையில் நின்று பாருங்கள். கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும். அலை கணுக்காலைத் தாண்டாது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று மனம் சொல்லும். நானும் அப்படி நம்பித்தான் ஒருமுறை இரண்டு நண்பர்களுடன் 22 அடி பைபர் படகைத் தள்ளினேன். தூண்டில் போட்டுவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

முதல் அரை மணி நேரம் படகு வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜின் இத்தனை நன்றாக ஓடுகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஓட்டியது இன்ஜின் மட்டும் அல்ல, மேற்கிலிருந்து முதுகில் அடித்த மேல்காற்றும்தான் என்பது திரும்பும்போதுதான் உறைத்தது. படகின் முன்பகுதியான அணியத்தை மேற்கே திருப்பிய நொடியிலேயே தண்ணீர் வாளியால் வீசியதுபோல் முகத்தில் அடித்தது. மூன்று நான்கு நொடிக்கு ஓர் அலை. ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில் மோதும். ஒருவர் விடாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்தார். அரை மணியில் போன தூரத்தைத் திரும்பிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரையேறியபோது பெட்ரோல் டேங்கில் கடைசிக் கையளவுதான் மிச்சம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “முதுகில் காற்று அடிக்கிற அன்றைக்குத் திரும்பி வருகிற வழியை முதலில் பார்க்க வேண்டும், தம்பி.”

நான் செய்த தவறைத்தான் டெல்டா கடற்கரையில் புதிதாகப் படகு இறக்குகிற பலரும் செய்கிறார்கள். பழையாறிலிருந்து கோடியக்கரை வரை நம் கரை கிழக்கு பார்த்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுகிற கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து காவிரிச் சமவெளி நெடுக ஓடிவருகிற காற்று அது. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. ஆனால் அலை எழுவதற்குக் காற்று மட்டும் போதாது, அது தண்ணீர்மேல் ஓடத் தூரமும் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரமே இல்லாததால் அலையும் இல்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் அலைக்கு இடம் கிடைத்துவிடுகிறது, பத்தில் இன்னும் வளர்கிறது. நீங்கள் கரையில் நின்று பார்ப்பது அதன் பிறந்த வீட்டை.

அதனால் அந்த மாதங்களில் காலடி அலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தென்னை மட்டைகள் எந்தப் பக்கம் சீவிவிட்டதுபோல் நிற்கின்றன, படகுக் கம்பத்துக் கொடி எந்தப் பக்கம் விறைக்கிறது என்று பாருங்கள். கரையில் உடைகிற சிறு அலையின் நுரைத்தூள் கடல் பக்கமாகப் பின்னால் பறந்தால், அது வெளியே போகிற காற்று. பிறகு தொடுவானத்தைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நல்லது. ரம்பப் பல்போல் நெளிந்து தெரிந்தால், அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் ஓர் அலை. எல்லாவற்றையும்விட நம்பகமான கருவி, விடியலில் மீன்பிடித்துத் திரும்பிவருகிறவர்களின் சட்டை. நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?

காலைக் கடல் மாலைக் கடல் அல்ல

சித்திரை, வைகாசியில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. விடியலில் நிலக்காற்று மெல்ல வீசும், கடல் கண்ணாடி. பதினோரு மணிக்கு மேல் வயல்காடு சுட ஆரம்பித்ததும் கடற்காற்று கிளம்பும். கரையில் இருப்பவர்களுக்கு அது ‘அப்பாடா’ என்கிற காற்று. படகில் இருப்பவருக்கு, முகத்துவாரத்தில் அலையைத் தூக்கி நிறுத்துகிற காற்று. காலையில் போகலாமா என்று பார்த்துவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்புகிறவர், பார்த்தது ஒரு கடல், வருவது இன்னொரு கடல். முன்னறிவிப்பில் நீங்கள் கிளம்புகிற மணியைப் பார்ப்பதைவிடத் திரும்புகிற மணியைப் பார்ப்பதுதான் முக்கியம். நான் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆடி, ஆவணியில் இதோடு இடிமேகமும் சேரும். பிற்பகலில் உள்நாட்டில் திரண்ட மேகம் மாலையில் மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து கடலுக்கு வரும். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருப்போம், அதுவோ முதுகுக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரும். மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த காற்று திடீரென்று அடிக்கும், ஆபத்து அதில்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் எண்ணுகிற நிலைமை வந்துவிட்டால் கரைக்குத் திரும்பத் தாமதமாகிவிட்டது என்றே பொருள். மேற்கே மேகம் காளான்போல் குடை விரிக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

எண்களைத் தப்பாகப் படிப்பது

இப்போது எல்லோர் கைப்பேசியிலும் காற்று வரைபடம் இருக்கிறது. அதனால் தவறு குறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் குழப்பம் அலகில் வருகிறது. 15 நாட் என்பது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். நொடிக்கு 15 மீட்டர் என்பது மணிக்கு 54 கிலோமீட்டர். திரையில் இரண்டும் ‘15’தான். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையோ கிலோமீட்டரில் வரும்: “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்” என்று. 45 என்பதே 24 நாட். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் 20 நாட் காற்று 10 நாட் காற்றைப்போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தள்ளும். அந்த ‘இடையிடையே’ என்கிற சொல்லைப் பலர் படிப்பதே இல்லை. படகைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் அதுதான்.

அலை உயரத்திலும் இதே கதை. முன்னறிவிப்பில் ‘1 மீட்டர்’ என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று பொருள் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சராசரி போட்ட எண் அது. ஏறக்குறைய ஆயிரம் அலைக்கு ஒன்று அதைப்போல் இரு மடங்கை நெருங்கி வரும். ஆறு நொடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலை கடக்க ஒரு மணி நாற்பது நிமிடம். அதாவது நீங்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் அந்த ஒன்று வரும்.

உயரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நொடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. என்னைக் கேட்டால் உயரத்தைவிட அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நான்கு நொடி அலை ஒன்றின் உச்சியிலிருந்து அடுத்ததன் உச்சிக்கு, ஆழக் கடலில், சுமார் 25 மீட்டர். பன்னிரண்டு நொடி அலைக்கு 225 மீட்டர். ஒரே ஒரு மீட்டர் உயரம்தான், ஆனால் முன்னது படிக்கட்டு, பின்னது வரப்பில்லாத மேடு. ஆழத்தில் இருக்கும்போது அந்த நீண்ட அலை படகை ஒன்றும் செய்யாது. கரைக்கு வந்து ஆழம் குறையும்போதுதான் எழுந்து உடையும். எங்கோ தூரத்துப் புயல் தள்ளிவிட்ட அலை, காற்றே இல்லாத வெயில் நாளிலும் வரும். தெற்கிலிருந்து வருவதில் பெரும்பகுதியை இலங்கை மறைத்துக்கொள்கிறது என்பது நம் கரையின் அதிர்ஷ்டம். வங்கக் கடலில் எழுகிற அலைக்கு அப்படி மறைப்பு கிடையாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் அலை உயரத்தையும் இந்த நீண்ட அலையையும் நாள்தோறும் முன்னறிவிக்கிறது. இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ மதிப்பவர்கள் குறைவு.

இன்னொன்று, சிறியதுதான், ஆனால் படித்தவர்களையே கவிழ்க்கும். காற்றுக்குப் பெயர் அது வருகிற திசையால், நீரோட்டத்துக்குப் பெயர் அது போகிற திசையால். ‘வடக்குக் காற்று’ தெற்கே தள்ளும், ‘வடக்கு நீரோட்டம்’ வடக்கே தள்ளும். இரண்டும் எதிரெதிராக மோதுகிற நாளில் அலை செங்குத்தாக நிற்கும்.

முகத்துவாரம்

நாகையில் கடுவையாறு, காரைக்காலில் அரசலாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு, வடக்கே பழையாறில் கொள்ளிடம். நம் படகுகளில் பல ஆற்று வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. வெளிக்கடலில் படுவதைவிட இங்கே படுகிற பாடு அதிகம். வெளியே போகும்போது அலையைப் பார்த்துக்கொண்டு போகிறோம். உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து வருகிறது. கடலிலிருந்து பார்த்தால் உடைகிற அலையின் முதுகு மட்டும்தான் தெரியும், அது சாதுவாகத்தான் இருக்கும்.

நம் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. ‘இதைப் போய்க் கணக்குப் பார்ப்பதா’ என்பது பலர் வாதம். முகத்துவாரத்து மணல்திட்டின்மேல் ஒன்றரை மீட்டர் தண்ணீர் இருக்கிற இடத்தில் அரை மீட்டர் குறைவதைக் கணக்குப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? அலை தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே ஓட, கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று அலையை உள்ளே தள்ள, இரண்டும் திட்டின்மேல் சந்திக்கிற நேரம்தான் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளமும் சேர்ந்துவிட்டால் வற்றம், ஏற்றம் என்ற பேச்சே இல்லை, ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். போன மாதம் பார்த்த திட்டு இந்த மாதம் அதே இடத்தில் இருக்கும் என்றும் நம்ப முடியாது.

அதனால் போவதற்கு முன் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதாது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் நீண்ட அமைதி இருக்கும். அந்த அமைதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம்.

கோடியக்கரை மூலை

கோடியக்கரையில் கரை திரும்புகிறது. அதற்கு வடக்கே கிழக்கு பார்த்த கடல், மேற்கே அதிராம்பட்டினம் வரை தெற்கு பார்த்த பாக் கடல். ஆறுகாட்டுத்துறையில் கற்றதை முத்துப்பேட்டையில் பயன்படுத்துவது பெரிய தவறு. கார்த்திகை வாடையில் நாகைப் பக்கம் கொந்தளிக்கும்போது மூலைக்கு அந்தப் பக்கம் நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஆடியில் தெற்கும் தென்மேற்குமாக வீசும்போது இது தலைகீழ். பாக் கடல் ஆழமற்றது, பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அங்கே அலை உயரமாக வளராது, குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். தாழ்ந்த விளிம்புள்ள படகில் தண்ணீர் ஏறுவதற்கு அதுவே போதும். இங்கே இன்ஜின் நின்றுபோனால் இன்னொரு கவலையும் உண்டு. காற்றும் நீரோட்டமும் படகைக் கொண்டுபோகிற பக்கத்தில் சர்வதேச எல்லைக்கோடு இருக்கிறது.

கூண்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் துறைமுகக் கூண்டு என்றாலே பயம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கூண்டு ஏறவில்லை என்றால் தைரியமும் வந்துவிட்டது, அதுதான் சிக்கல். ஒன்றிலிருந்து பதினொன்று வரையுள்ள அந்த எண்கள் கப்பல்களுக்காகவும் துறைமுகத்துக்காகவும் ஏற்பட்டவை. முதல் இரண்டும் தூரத்துக் கடலில் நடப்பதைச் சொல்கின்றன. ‘ஒன்றாம் எண்தானே’ என்பவர், அந்தத் தூரத்துக் கடலிலிருந்து அலை முன்கூட்டியே கிளம்பிவிடும் என்பதை மறந்துவிடுகிறார். கச்சானுக்கோ, மாலை இடிமேகத்துக்கோ, முகத்துவாரத்து வற்றத்துக்கோ யாரும் கூண்டு ஏற்ற மாட்டார்கள்.

உயிர்காப்பு அங்கி படகின் அடியில் சுருட்டி வைப்பதற்கல்ல, உடம்பில் போடுவதற்கு. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்களும் கைப்பேசியில் மட்டுமல்லாமல் படகின் உள்பக்கப் பலகையிலும் எழுதியிருக்கட்டும், கைப்பேசி நனையும்.

கடைசியாக ஒரு தவறு. அது வானிலையைச் சேர்ந்தது அல்ல. நாள் குறித்தாகிவிட்டது, விடுப்பு எடுத்தாகிவிட்டது, ஐஸ் பெட்டி நிரப்பியாகிவிட்டது என்பதற்காகவே கிளம்புவது. போன தை மாதம் தஞ்சாவூரிலிருந்து நான்கு நண்பர்கள் விடியற்காலை காரில் வந்து இறங்கினார்கள். பத்து மணிக்கு மேல் வாடை 20 நாட் தொடும் என்று இருந்தது. முகத்துவாரத்தில் கால் மணி நேரம் நின்றேன், திட்டின்மேல் அலை இரண்டு முறை வெள்ளையாக உடைந்தது. வேண்டாம் என்றேன். முகம் தொங்கியவர்களை நாகூருக்கு அழைத்துப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அன்று காற்று எழவே இல்லை. சாயங்காலம் வரை கடல் அமைதியாகக் கிடந்தது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.