தோட்டத்துக்கும் காட்டு வேலைக்கும் பெரிய கத்தி வாங்கறப்ப பண்ற தப்புங்க

மழைக்கு முன்னாடி காபித் தோட்டத்துல நிழல் மரக் கிளைய கழிக்கற நேரம் வந்துட்டாலே சேலத்துல பாதிப் பேருக்கு திடீர்னு ஒரு பெரிய கத்தி வாங்கணும்னு தோணிடுது. ஏற்காட்டுல அரை ஏக்கர் வாங்கிப் போட்டவரு, வாழப்பாடி பக்கம் பாக்குத் தோப்பு வச்சிருக்கறவரு, வீக்கெண்டுல டென்ட் போட போற பசங்க, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "கிளை வெட்ட எந்தக் கத்தி நல்லாருக்கும்?" இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி நாம திருப்பிக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, என்னத்த வெட்டப் போறீங்க? அத யோசிக்காம போட்டோவப் பாத்து வாங்கறதுதான் முதல் தப்பு, மத்த தப்புல முக்காவாசி இதுல இருந்துதான் வருது.

ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைய எடுத்துக்கங்க. பாதை ஓரம் பூரா உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும், அது மெல்லிசா வளையற தண்டு, அத வெட்ட வேகம்தான் வேணும், எடை வேண்டாம். ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர் தடிமன்ல நீளமா இருக்கற மச்செட்டிங்கற தகட்டுக் கத்தி ஒண்ணு போதும், சும்மா வீசிட்டே போலாம். அதே மச்செட்டிய எடுத்துட்டு கீழ எறங்கி ஓமலூர் பக்கம் காஞ்ச கருவேலத்துல போட்டீங்கன்னா டொய்ங்னு எகிறும், கை மணிக்கட்டு விர்ருனு அடிக்கும், தகடு ஆட்டம் போடும். கருவேலம், புளி, சவுக்கு இதுக்கெல்லாம் முதுகு தடியா, முன்பக்கம் கனமா இருக்கற கொடுவா மாதிரி ஒண்ணுதான் சரி. சில்வர் ஓக் பச்சைக் கிளை ரெண்டுக்கும் நடுவுல. மூங்கில் தனிக் கதை, அதுல சிலிக்கா இருக்கறதால எவ்வளவு நல்ல கத்தியா இருந்தாலும் சீக்கிரம் மழுங்கும், அது கத்தி மேல தப்பில்ல.

அடுத்தது இந்த தடிமன் பைத்தியம். "ஆறு மில்லி இருக்குங்க, சும்மா டேங்க் மாதிரி"ன்னு கடைக்காரர் சொன்னா நம்மாளு ஒடனே பர்ஸ எடுத்துடறாரு. முதுகு எவ்வளவு தடின்றது பாதி விஷயம்தாங்க, அந்தத் தடிமன் வாய்க்கு, அதாவது வெட்டற ஓரத்துக்கு, வர்றதுக்குள்ள எப்படி எறங்குதுங்கறதுதான் மீதி. முதுகுல ஆறு மில்லி இருந்து, வாய்க்கு அரை இஞ்ச் மேலயும் அஞ்சு மில்லி இருந்துச்சுன்னா அது வெட்டாது, கட்டைய நசுக்கிட்டு அங்கயே நின்னுக்கும். ரொம்ப ஒல்லியா தேச்சு விட்டாலும் கணுவுல பட்டதும் கூர் அங்கங்க பெயர்ந்து பல்லு விழும். நல்ல வெட்டுக்கத்திய கண்ணுக்கு நேரா பிடிச்சு நுனியில இருந்து பிடிப் பக்கமா பாருங்க, முதுகுல இருந்து வாய் வரைக்கும் லேசா உப்புன மாதிரி, மீன் வயிறு மாதிரி எறங்கி வரணும், அந்த உப்பல்தான் கட்டையப் பொளந்து ரெண்டு பக்கமும் தள்ளி விடும், கத்தியும் சிக்கிக்காது. கடைசி கூர் ஒவ்வொரு பக்கமும் 20ல இருந்து 25 டிகிரி இருந்தா போதும், சமையக்கத்தி மாதிரி முடி வழிக்கற கூர் இதுக்கு தேவையே இல்ல.

நீளத்துலயும் இதே ஆசைதான். வெட்டு வேலைக்கு 9ல இருந்து 12 இஞ்ச் வாய் இருந்தா தாராளம், அதுக்கு மேல போனா காபிச் செடிக்கு நடுவுல நின்னு ஓங்கறப்ப பின்னாடி கிளையில மாட்டும், இல்ல பக்கத்துல நிக்கறவன் மேல படும். எடைய வேணா கவனிங்க. மொத்த எடை எவ்வளவுன்றத விட அது எங்க உக்காந்திருக்குன்றதுதான் முக்கியம், பிடிக்கு ரெண்டு மூணு இஞ்ச் முன்னாடி விரல்ல வச்சா தராசு மாதிரி நிக்கற கத்தி தானா எறங்கி வெட்டும், பிடிக்கிட்டயே சமமா நிக்கறது கையில ஜாலியா சுத்தும் ஆனா மரத்துல எறங்காது. நேபாளத்துக் குக்ரி உள்பக்கமா வளைஞ்சு முன்னாடி அகலமாகறது இதுக்குத்தான், நம்ம கொடுவாளும் அதே கணக்குதான். கொடுவா மூக்கு கீழ வளைஞ்சிருக்கே, அது அழகுக்குன்னு நெனச்சுக்காதீங்க. சிறு கிளைய அது உள்ள இழுத்துப் பிடிக்கும், அதோட தரையோட வெட்டறப்ப மூக்குதான் மொதல்ல மண்ணுல படும், வாய் கல்லுல படாம தப்பிக்கும். மலையில எங்க வெட்டுனாலும் அடியில பாறையோ சரளையோ இருக்குங்கறது அங்க வேல செஞ்ச யாருக்கும் தெரியும், நேர் வாய் கத்தி வாங்கிட்டு போனவரு முதல் நாளே நுனிய ஒடச்சுட்டு வருவாரு.

இப்ப இரும்பு விஷயத்துக்கு வருவோம், இங்கதான் சேலத்துக்காரங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் தப்பு இருக்கு. "சேலம் ஸ்டீல்ல செஞ்சதுங்க, துருவே பிடிக்காது"ன்னு சொன்னா நமக்கு பெருமையில கண்ணு மறைஞ்சுடும். 1981ல ஓட ஆரம்பிச்ச நம்ம சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்கு பேர் போனது, சரி. ஆனா பாத்திரத்துக்குப் போற 304ங்கற ரகம் இருக்கே, குரோமியம் 18 சதவீதம் நிக்கல் 8 சதவீதம் சேத்தது, அத எவ்வளவு காய்ச்சி எதுல முக்குனாலும் கடினமாகாது, அதோட குணமே அப்படி. டம்ளருக்கும் குண்டானுக்கும் அதுதான் ராஜா, கத்தியா அடிச்சா நாலாவது வெட்டுலயே வாய் மடங்கிடும். அதுக்காக துருப்பிடிக்காத எல்லாத்தையும் ஒதுக்கவும் வேண்டாம், 420 மாதிரி காய்ச்சித் தோய்ச்சா இறுகற ரகமும் இருக்கு, அதுல செஞ்ச மச்செட்டி மழைக்காலத்துக்கு நல்லாவே உழைக்கும். என்ன ரகம்னு கேக்காம "ஸ்டெயின்லெஸ்"ங்கற ஒரு வார்த்தைக்கு காசு குடுக்கறதுதான் தப்பு.

இன்னொரு பக்கம் பட்டறை அருவா. சங்ககிரி, நாமக்கல்னு சுத்தி லாரி ஊரா இருக்கறதால நம்ம பட்டறைங்களுக்கு லாரி பட்டைக்கு, அதாவது வண்டிக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் தகட்டுக்கு, பஞ்சமே இல்ல. பழைய கமான் பட்டை அருமையான இரும்பு, அதிர்ச்சி தாங்கற மாதிரியே தயாரிச்சது, நேபாளத்துல குக்ரிக்கும் இதத்தான் அடிக்கறாங்க. ஆனா பட்டை நல்லதா இருந்தா மட்டும் போதாது, காய்ச்சறதும் தோய்ச்சறதும்தான் கத்தி. உலையில இருந்து எடுத்து அப்படியே பச்சத்தண்ணியில முக்குனா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடலாம், எண்ணெயில தோய்ச்சு, அப்புறம் திரும்ப லேசா சூடு காட்டி அந்த வெறைப்ப கொறைக்கணும். இந்த ரெண்டாவது சூட்ட அவசரத்துல விட்டுட்டா வாய் கண்ணாடி மாதிரி உதிரும். சிலர் மொத்தக் கத்தியையும் கடினமாக்காம வாய மட்டும் தோய்ச்சு முதுக இறுகாம விடுவாங்க, வெட்டுக்கத்திக்கு அத விட நல்ல ஏற்பாடு கெடையாது.

கடையில நின்னே இத எப்படி பாக்கறதுன்னா, ஒரு சின்ன அரம் கொண்டு போங்க, கேட்டுட்டு பிடிப் பக்கத்து ஓரத்துல வாய் மேல ஒரு இழு இழுங்க. வெண்ணெய்ல போற மாதிரி கடிச்சுட்டு போச்சுன்னா இரும்பு மெதுவு. கொஞ்சம் கூட பிடிக்காம சர்ருனு வழுக்குச்சுன்னா ரொம்ப வெறைப்பு, அது கணுவுல ஒடையும். லேசா வழுக்கி லேசா கடிக்கற மாதிரி தெரிஞ்சா எடுத்துக்கலாம். அப்புறம் வாயோரமா வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, எங்கயாவது மயில் கழுத்து நீலத்துல ஒரு திட்டு தெரிஞ்சுதுன்னா கிரைண்டர்ல வச்சு சூடேத்தி பதத்த கெடுத்துருக்காங்கன்னு அர்த்தம், அந்த எடம் மட்டும் சீக்கிரம் மழுங்கும். நல்ல அருவாள வாங்கிட்டு வந்து தெருவுல வர்ற சாணைக்காரர்ட்ட குடுத்து நீலமாக்கிக்கறதும் நடக்குது, அவர்ட்ட குடுக்கறப்ப ஒரு பக்கெட் தண்ணி வச்சு அடிக்கடி முக்கச் சொல்லுங்க, மொறைப்பாரு, பரவால்ல.

ஆன்லைன்ல வாங்கறவங்க பண்றது இதுக்கு நேர் எதிர். எஃகோட கடினத்த சொல்ற ராக்வெல் அளவு 60, 62ன்னு எண்ணப் பாத்து மயங்கிடறாங்க. அது சின்னக் கத்திக்கு பெருமை, ஓங்கி அடிக்கற கத்திக்கு 55ல இருந்து 58 இருந்தா போதும். டி2 மாதிரி எஃகு கூர நாள் கணக்கா பிடிக்கும், ஆனா காஞ்ச கணுவுல பட்டா வாய் உதிரும், அப்புறம் அத திரும்ப தீட்டறதுக்குள்ள கை ஒடிஞ்சுடும். 5160, 1075 மாதிரி சாதா எஃகுதான் இந்த வேலைக்கு, துரு பிடிக்கும்தான், தொடைச்சு வச்சா பிடிக்காது.

படத்துல வர்ற மாதிரி இருக்கணும்னு வாங்கறத பத்தி ஒரு நாலு வரி போதும். முதுகுல ரம்பப் பல்லு வச்சது கட்டையும் அறுக்காது, உறையையும் கிழிக்கும். பிடிக்குள்ள காலியா விட்டு தீப்பெட்டி தூண்டில் வைக்கற சர்வைவல் கத்தி கழுத்துல ஒடைஞ்சு வாய் மட்டும் பறக்கும். வீச்சருவா வெட்டு வேலைக்கு செஞ்சதே இல்ல, அத வண்டியில வச்சுக்கிட்டு போனா போலீஸ்கிட்ட என்ன வெளக்கம் சொல்லுவீங்க?

பிடியத்தான் யாரும் பாக்கறதில்ல, எனக்கு இதுலதான் கோவம் வரும். வாயப் பாத்து பத்து நிமிஷம் விசாரிக்கறவரு பிடிய ஒரு தடவ கூட இறுக்கிப் பிடிச்சுப் பாக்க மாட்டாரு. வாய் தகடு பிடி கடைசி வரைக்கும் முழு அகலத்துல ஓடணும், ரெண்டு பக்கமும் கட்டைய வச்சு ரிவிட் அடிச்சிருந்தா நல்லது. கூம்பிப் போற காம்ப கட்டைக்குள்ள காய்ச்சி எறக்கி பூண் போட்ட நம்மூரு முறையும் நல்ல முறைதான், பல தலைமுறையா அதுலதான் வெட்டறாங்க, ஆனா காம்பு பிடியில பாதிக்கு மேல உள்ள போயிருக்கான்னு கேளுங்க. தகட்டுக்குப் பின்னாடி மெல்லிசு கம்பிய வெல்டிங் வச்சு பிடிக்குள்ள மறைச்சிருக்கறத மட்டும் தொடாதீங்க. பிடியோட கடைசி லேசா புடைச்சு சுண்டுவிரல்ல மாட்டற மாதிரி இருக்கணும், மழைத்தூறல்ல வேர்த்த கையில வழுக்காம நிக்க வைக்கறது அந்த ஒரு புடைப்புதான். பளபளன்னு வார்னிஷ் அடிச்ச பிடிய வாங்குனா உப்புத்தாள் போட்டு வார்னிஷ எடுத்துட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சுடுங்க.

பிடி ஆடுச்சுன்னா ராத்திரி பூரா தண்ணியில ஊற வைக்கறது நம்ம ஊரு வழக்கம். காலையில கிண்ணுனு இருக்கும், வேல முடியற வரைக்கும் ஓடும், காஞ்சதும் முன்னாடி இருந்தத விட மோசமா ஆடும். ஊறுன கட்டை இரும்புக்கு எதிரா உப்பி தன்னையே நசுக்கிக்குது, அதனாலதான். ஆப்பு அடிங்க, இல்ல புதுப் பிடி போடுங்க. ஆடற பிடியோட மட்டும் ஓங்காதீங்க, அது எங்க போய் விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. கயித்து வளையம் போட்டு மணிக்கட்டுல மாட்டிக்கறதும் அப்படித்தான், வழுக்குனா கத்தி தொங்கி உங்க காலுக்கே திரும்பி வரும்.

உறை தோல்ல இருந்தா ஏற்காட்டு மூடுபனியில ஈரம் உறிஞ்சி வச்சுக்கும், கத்திய அதுக்குள்ளயே மாசக்கணக்குல விட்டா திறக்கறப்ப செவந்துருக்கும். வெட்டி முடிச்சதும் பலாப்பாலோ பிசினோ இருந்தா மண்ணெண்ணெய் துணியில தொடைங்க, மேல கொஞ்சம் தேங்காயெண்ணெய், தனியா மாட்டி வைங்க.

சட்டத்தையும் பாத்துக்கங்க. 1959 ஆயுதச் சட்டத்துக்கு கீழ வர்ற விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளம் இல்லாட்டி 2 அங்குலத்துக்கு மேல அகலம் இருக்கற வாய் வச்ச கத்தி ஆயுதப் பட்டியல்ல வருது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. அதனால தோட்டத்துக்கு கொடுவா வச்சிருக்கறது ஒண்ணும் குத்தம் கெடையாது, ஆனா டூர் போற காருல சீட்டுக்கடியில வச்சுட்டு அடிவாரத்துல மாட்டுனா "விவசாயம்"னு சொல்றது எடுபடாது. காப்புக்காட்டுக்குள்ள எடுத்துட்டு போகவே கூடாது, கேம்ப் நெருப்புக்குன்னு ஒரு கிளை வெட்டுனாலும் கேஸ்தான், அதுவும் சந்தனம் வெளயற மலை, காட்டிலாகாகாரங்க சந்தேகமாத்தான் பாப்பாங்க.

ஒரே கத்தி எல்லாத்தையும் பண்ணும்னு நம்பறதும் தப்புதான். மணிக்கட்டு தடிமன் வரைக்கும் கத்தி, அதுக்கு மேல ரம்பம். காபிச் செடி கவாத்துக்கு அருவாள எடுக்கவே எடுக்காதீங்க, தண்டு கிழிஞ்சு உரிஞ்சு போகும், ஆறாத வெட்டுல நோய் ஏறும், அதுக்கு கவாத்துக் கத்தரிதான். ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்குக் கரணை, அதாவது நடற தண்டுத் துண்டு, போடறவங்களும் இப்படித்தான், பெரிய கொடுவாள்ல நறுக்குனா பட்டை நசுங்கி கரணை முளைக்காம போகும், சின்னதா கூரா ஒண்ணு தனியா வச்சுக்கறாங்க.

வாங்குனதும் அப்படியே போய் வெட்டாதீங்க, பட்டறை அருவாளும் சரி மச்செட்டியும் சரி முழுக் கூரோட வர்றது அபூர்வம். எட்டு இஞ்ச் தட்டை அரம் ஒண்ணு, ரெண்டு பக்கக் கல்லு ஒண்ணு கத்தி கூடவே வாங்கிடுங்க. கத்திய மரக்கட்டையில சாச்சு முட்டியில அழுத்திக்கிட்டு அரத்த முன்னாடி தள்ளறப்ப மட்டும் தேய்ங்க, இழுக்கறப்ப தூக்கிடுங்க, கையில கனமான கையுறை இருக்கட்டும். எங்கயாவது சின்னப் பல்லு விழுந்திருந்தா அது முழுசா மறையற வரைக்கும் ராவிட்டே இருக்காதீங்க, இரும்புதான் வீணாகும், அடுத்த மூணு நாலு தடவ தீட்டறதுல தானா போயிடும்.