மடமாக இருந்த ஆற்றங்கரை ஹோட்டல்: தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் பழைய துறவு மடங்கள் இவ்வளவு ஹோட்டல்களாக மாறியதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தார். பிரான்சில் புரட்சி அரசு 1790-இல் அதைச் செய்தது. போர்ச்சுகல் 1834-இல் ஆண் துறவிகளின் மடங்களை மூடியது, ஸ்பெயினும் அதே பத்தாண்டில் பெரும்பாலானவற்றை மூடி நிலத்தை ஏலம் விட்டது. ஆளில்லாமல் போன கட்டடங்கள் சிறையாகவும் படைமுகாமாகவும் கிடங்காகவும் மாறின, சில இடிந்தும் போயின. தப்பிப் பிழைத்தவற்றில் பலவற்றுக்கு 20-ஆம் நூற்றாண்டில் ஹோட்டல் என்ற புது வாழ்வு கிடைத்தது.

அதிலும் ஆற்றங்கரையில் இருப்பவை என்றால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆசையோடு போய் முகம் வாடித் திரும்புகிறவர்களும் நிறைய. ரிசார்ட்டில் எதிர்பார்ப்பதை எல்லாம் மடத்திலும் எதிர்பார்த்துப் போவதுதான் இதற்குக் காரணம். அந்தக் கட்டடம் விருந்தாளிகளுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்த அறையைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதல் தவறு, ஆற்றங்கரை மடம் என்றதும் ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று நம்பிவிடுவது. துறவிகள் ஆற்றைத் தேடிப் போனது அழகுக்காக இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும், மாவு அரைக்கும் ஆலைச் சக்கரம் சுற்ற வேண்டும், மீன் குளங்களை நிரப்ப வேண்டும், கழிவு அடித்துக்கொண்டு போக வேண்டும். 1098-இல் தொடங்கிய சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையினர் ஆள் நடமாட்டமில்லாத, நீர்வளம் உள்ள பள்ளத்தாக்குகளாகப் பார்த்துக் குடியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டடமோ உள்முகமாகவே அமைந்தது. நடுவே சதுர முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம். பொதுவாக வடக்கே தேவாலயம் இருக்கும்; அதன் நிழல் விழாத தெற்குப் பக்கத்தில் முற்றம். கிழக்கே மாடியில் படுக்கும் கூடம், தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக் கூடம். ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ பக்கத்தில் இருந்தது பெரும்பாலும் கழிப்பறைப் பகுதிதான். வேல்ஸில் வை ஆற்றங்கரையில் இருக்கும் டின்டெர்ன் மடத்தில் முற்றத்தையே வடக்குப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஆறு அந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீர் வடிய அதுதான் வசதி.

ஆகவே முன்பதிவு செய்யும்போது, என் அறை ஆற்றைப் பார்த்திருக்கிறதா, முற்றத்தையா, சாலையையா என்று நேராகக் கேளுங்கள். என்னைக் கேட்டால் முற்றத்துப் பக்க அறையே நல்லது. அந்தக் கட்டடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இரவு விருந்துக்கு முற்றத்தில் மேசை போடும் வழக்கம் அங்கே உண்டா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். நான்கு பக்கமும் கல் சுவர் இருந்தால் கீழே ஒருவர் மெல்லப் பேசுவதுகூட மேல்மாடிக்குக் கேட்கும்.

இன்னொரு கேள்வியையும் மறக்கக் கூடாது: அறை பழைய கட்டடத்திலா, புதிதாகச் சேர்த்த பகுதியிலா? பல இடங்களில் மடத்துக்குள் கொஞ்சம் அறைகளே இருக்கும், மீதி பின்னால் கட்டிய புதுப் பகுதியில் இருக்கும். ஸ்பெயினின் லியோன் நகரில் பெர்னெஸ்கா ஆற்றங்கரையில் உள்ள சான் மார்கோஸ் என்ற மடம்-ஹோட்டல் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் சிற்ப முகப்பைப் படத்தில் பார்த்து மயங்கிப் பதிவு செய்துவிட்டு, நவீன கட்டடத்தில் போய்ப் படுப்பது வருத்தமான விஷயம்.

சரி, பழைய பகுதியிலேயே அறை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது துறவி ஒருவர் தனியாகப் படுத்து எழுந்த அறையாக இருக்கலாம். சிறியதாக இருக்கும், ஜன்னல் உயரத்தில் இருக்கும், பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். சில ஹோட்டல்கள் இரண்டு மூன்று அறைகளை இணைத்துப் பெரிதாக்கியிருக்கும், பல அப்படியே விட்டிருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பெரிய பெட்டியுடன் போனால் காலை நீட்ட இடமிருக்காது. வலைத்தளப் படங்களை அகன்ற லென்ஸ் போட்டு எடுத்திருப்பார்கள், அதனால் சதுர மீட்டர் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் சுவரை உடைத்து லிஃப்ட்டோ ஏசியோ பொருத்த அனுமதி கிடைப்பது கடினம். மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள், எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்பது வரை விசாரிப்பது நல்லது. தேய்ந்து வழுவழுப்பான கல்படி மழை நாளில் ஆபத்தானது. அதற்காகத் தரைத்தளமே போதும் என்று அவசரப்படவும் வேண்டாம். ஆற்றங்கரையில் தரைத்தளத்துக் கல் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் பூஞ்சை வாடை ஒத்துக்கொள்ளாது.

உடை விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். தடித்த கல் சுவர் சூடாகவும் மெல்லத்தான் சூடாகும், குளிரவும் மெல்லத்தான் குளிரும். வெளியே வசந்தகால வெயில் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே இன்னும் குளிர்காலம் மிச்சமிருக்கும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அதே சுவர் வைஃபையையும் மறிக்கும். அலுவலக வேலை இருந்தால் அறையில் சிக்னல் வருமா என்று கேட்டுவிடுவது நல்லது. வரவேற்பறையில் மட்டும்தான் வரும் என்று பதில் வந்தால் வியப்படையாதீர்கள்.

அப்புறம் அமைதி. அதைத் தேடித்தான் போகிறோம், ஆனால் அது கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குத் திருமண வருமானம் முக்கியம். கோடைகால வார இறுதியில் முற்றம் முழுக்க இசையும் ஆட்டமுமாக இருக்கலாம். நீங்கள் தங்கும் நாளில் விழா ஏதாவது இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மணி அடிக்குமா, இரவிலும் அடிக்குமா என்பது அடுத்த கேள்வி. மூன்றாவது, ஆலைக்காகக் கட்டிய பழைய தடுப்பணை பக்கத்தில் இருக்கிறதா என்பது. தண்ணீர் விழும் இரைச்சல் இரவு முழுக்கக் கேட்கும். சிலருக்கு அது தாலாட்டு, லேசாகத் தூங்குகிறவர்களுக்கு வேதனை.

அந்தத் தடுப்பணைக்குக் கீழே குளிக்க இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர், அணையை ஒட்டிய இடத்தில் பின்னோக்கிச் சுழன்று ஆளை அடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வார்கள். மேலே மின்நிலைய அணைகள் உள்ள ஆறுகளில், மழையே இல்லாத நாளிலும் நீர்மட்டம் திடீரென்று ஏறும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஓடும் டூரோ, ஸ்பெயினின் ‘சில்’ என்ற ஆறு, இரண்டும் அப்படிப்பட்டவைதான். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, ஹோட்டல்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளம் வரும் பருவத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மடம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும், வண்டி நிறுத்துமிடம் தாழ்வில் இருக்கும்.

பயணத்தை இருட்டிய பிறகு போய்ச் சேரும்படி அமைக்காதீர்கள். பள்ளத்தாக்குச் சாலைகள் குறுகலானவை, வளைவுகள் அதிகம். சமையலறையும் சீக்கிரம் மூடிவிடும், சுற்றுவட்டாரத்தில் வேறு கடை இருக்காது. இலையுதிர் காலத்தில் காலைப் பனிமூட்டம் வேறு ஆற்றை மூடிக்கொள்ளும். அதிகாலையில் கிளம்பி விமானம் பிடிக்கலாம் என்ற திட்டம் அங்கே சரிப்படாது.

இடத்துக்கு மரியாதை காட்டாமல் இருப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. முன்னாள் மடம் என்பதால் எல்லாமே முடிந்துபோனதாக எண்ணிவிடுகிறோம். செக் நாட்டின் ப்ராக் நகரில் அகஸ்டீனியன் என்ற துறவு சபையின் 13-ஆம் நூற்றாண்டு மடத்தில் ஒரு பகுதி ஹோட்டலாக இருக்க, இன்னொரு பகுதியில் துறவிகள் தொடர்ந்து வாழ்ந்து வருகிறார்கள். பல ஹோட்டல்களில் தேவாலயத்தில் இன்னும் வழிபாடு நடக்கிறது. குளியலங்கியோடு தாழ்வாரத்தில் நடப்பதும், பிரார்த்தனை செய்கிறவர்களைப் படம் பிடிப்பதும் வேண்டாம். கல்லறைப் பலகைகள் மேல் பெட்டியை உருட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். நான் சொன்ன சான் மார்கோஸில் 1639 முதல் 1643 வரை ஸ்பானியக் கவிஞர் கெவெதோ சிறை வைக்கப்பட்டிருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவின் தரப்பு அதே கட்டடத்தைக் கைதிகளின் வதைமுகாமாக நடத்தியது. தங்கும் இடத்தின் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போவது, அங்கே துன்பப்பட்டவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

கடைசியாக, இதை ஒரு இரவு நிறுத்தமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகலில் வந்து, மறுநாள் காலை உணவோடு ஓடுகிறவர்களுக்கு மடத்தின் கூட்டம் மட்டும்தான் கிடைக்கிறது. இவற்றில் பல பகலில் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும். வாயிற்கதவு மூடிய பின்புதான் முற்றம் தங்குபவர்களுக்கு என்று ஆகிறது. இரண்டு இரவுக்குப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் வார நாட்களில். பார்வையாளர் நேரம் எப்போது முடிகிறது என்று கேட்டு, அந்த நேரத்தில் வெளியே சுற்றாமல் மடத்திலேயே இருக்கும்படி அன்றைய திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.