வடசென்னை ரோட்டுக்கு ஒரு மின் சைக்கிள்: இருபதாயிரம் பட்ஜெட்டில் கட்டும் முறை

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வழியில் மேடு என்றால் மேம்பாலம்தான். இந்தத் தரைக்கு 36 வோல்ட், 250 வாட் மோட்டார் தாராளம். பணத்தை எங்கே இறுக்கலாம், எங்கே இறுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். மோட்டாரிலும் டிஸ்ப்ளேயிலும் மிச்சம் பிடியுங்கள். பேட்டரியிலும், அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் இரும்பிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அதனால் இந்த இரண்டுக்கும்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வீலைக் கழற்றி மாட்டவும், மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் உரிமமும் வேண்டாம். ஆனால் இந்த விலக்கு, சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுத்த வண்டிக்கு என்றுதான் விதியில் இருக்கிறது. வீட்டில் கட்டியதற்கு அந்தச் சான்று இருக்காது. ஆகவே 350, 500 வாட் பக்கம் போகவே போகாதீர்கள். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் 25-க்கு மேல் போகிற வேகம் சைக்கிள் பிரேக்குக்கு அடங்காது.

எந்த சைக்கிள், எந்த கிட்

26 இன்ச் வீல், இரும்பு ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க், வி-பிரேக். இதுதான் என் தேர்வு. வீட்டில் கிடக்கும் பழைய 28 இன்ச் சைக்கிளில் ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் முன் ரிம்மில் 32 ஓட்டை, பின் ரிம்மில் 40 ஓட்டை. வீலின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரில் பெரும்பாலும் 36. இரண்டும் சேரவே சேராது. ராடு பிரேக்கும் மழையில் ஸ்டீல் ரிம்மைப் பிடிக்காது. சஸ்பென்ஷன் ஃபோர்க்கை, குறிப்பாக நுனி அலுமினியமாக இருப்பதை, முன் மோட்டாருக்குப் பயன்படுத்தாதீர்கள், நுனி வெடிக்கும்.

மோட்டாரில் கியர் உள்ள முன் ஹப் மோட்டாரை வாங்குங்கள். மூன்று கிலோ அளவுதான் எடை. உள்ளே ஒருவழி கிளட்ச் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண சைக்கிளாக மிதித்து வீடு வரலாம். கியர் இல்லாத பெரிய ஹப் அப்படி இல்லை, மிதித்தால் இழுக்கும். சங்கிலி போட்டு ஓட்டும் 24 வோல்ட் பிரஷ் மோட்டார் விலை குறைவுதான். ஆனால் பிராக்கெட் வெல்டிங், சங்கிலி நேர்க்கோடு, சத்தம் என்று அதன் பின்னாலேயே அலைய வேண்டும். முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். 26 இன்ச் வீலுக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று. 300-க்கு மேல் போட்டிருந்தால் அது சின்ன வீலுக்குச் சுற்றிய மோட்டார். பாலம் ஏறும்போது சூடாகித் திணறும்.

தோராயக் கணக்கு, சைக்கிள் கையில் இருக்கிறது என்று வைத்து: மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் 15 ஆம்பியர் கன்ட்ரோலர், வேகம் கூட்டும் த்ராட்டில், பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் பிரேக் லீவர் சேர்ந்த கிட் 8,000 – 9,000 ரூபாய். பேட்டரி 7,500 – 8,500. சார்ஜர் 1,200 – 1,500. ஒயர், ஃப்யூஸ், கனெக்டர், இரும்பு வேலை 1,500. ரிம், போக்ஸ் கம்பிக்கு ரத்தன் பஜார். கனெக்டர், ஒயர், மல்டிமீட்டருக்கு ரிச்சி தெரு. பேட்டரி செல்லை மட்டும் விலை குறைவு என்பதற்காக எங்கேயும் வாங்காதீர்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல் வேண்டவே வேண்டாம்.

வீல்

முடிந்தால் ரிம்மில் கோத்தே வரும் மோட்டாரை வாங்குங்கள். மோட்டார் மட்டும் கையில் இருந்தால் 36 ஓட்டை டபுள் வால் அலாய் ரிம், 13 கேஜ் போக்ஸ். ஹப் பெரிதாக இருப்பதால் சாதாரண சைக்கிள் போக்ஸ் நீளம் அதிகமாகிவிடும். கடைக்காரரிடம் ஹப்பையே கொண்டுபோய் அளந்து வெட்டி மரை போடச் சொல்லுங்கள். போக்ஸ் ஒன்றையொன்று ஒரே ஒரு முறை குறுக்கிட்டால் போதும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கோட்டம் எடுத்து இறுக்கவில்லை என்றால் வளைவுப் பகுதியில் போக்ஸ் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும்.

அச்சு: அவசரப்படக் கூடாத இடம்

சாதாரண வீலில் அச்சு சும்மா நிற்கிறது. ஹப் மோட்டாரில் அப்படி இல்லை. வீலை முன்னால் தள்ளும் அதே விசை அச்சைப் பின்பக்கமாகத் திருப்பும். அச்சு 12 மில்லிமீட்டர். இரு பக்கமும் தட்டையாக்கி 10 மில்லிமீட்டர். அந்த இரண்டு தட்டைகளும் ஃபோர்க் வாயின், அதாவது அச்சு உட்காரும் பிளவின், ஓரங்களில் முட்டித்தான் மொத்த விசையையும் தாங்குகின்றன. 30 நியூட்டன்-மீட்டர் திருகு விசை என்று வையுங்கள். தட்டையின் அகலம் ஆறரை மில்லிமீட்டர்தான், அதற்கு வகுத்தால் சுமார் 4,500 நியூட்டன். ஏறக்குறைய 450 கிலோ பாரம் அந்த மெல்லிய தகட்டின் ஓரத்தில். நட் எவ்வளவு இறுக்கினாலும், த்ராட்டிலைத் திருப்பித் திருப்பி விடும்போது வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். ஒரு நாள் அச்சு முழுதாகச் சுற்றும். அச்சுக்குள் போகும் ஒயர்கள் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டி கன்ட்ரோலரும் போகும். முன் வீல் வாயை விட்டு வெளியேயும் வரலாம். வண்டியில் உங்கள் பிள்ளையும் ஏறப்போகிறான் என்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஃபோர்க் வாயின் அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும். தட்டை அரத்தால் இரு பக்கமும் சமமாக அராவி, அச்சு சுத்தியல் இல்லாமல், ஆனால் ஆடாமல் இறங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கிரைண்டர் வேண்டாம், ஒரு வினாடியில் அதிகம் தின்றுவிடும். வாயின் ஆழமும் முக்கியம்: அச்சு அடிவரை உட்கார வேண்டும். வாயைச் சுற்றிக் குழி போல் விளிம்பு இருந்தால் வாஷர் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து, இறுக்க இறுக்க வாயை வளைக்கும். குழிக்குள் அடங்கும் அளவு வாஷரை முதலில் போட்டு நிரப்புங்கள்.

அடுத்தது டார்க் ஆர்ம், அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் இரும்பு என்று முதலில் சொன்னது இதைத்தான். 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் 304 ஸ்டெயின்லெஸ் பட்டை, 25 மில்லிமீட்டர் அகலம், 120 நீளம். ஒரு முனையில் அச்சின் தட்டைக்கு இறுக்கமாக 10 மில்லிமீட்டர் வாய். மறுமுனையை ஃபோர்க் காலில் இரண்டு ஹோஸ் கிளிப் போட்டுப் பிடிக்கலாம். மட்கார்டு ஓட்டை இருந்தால் அதில் போல்ட் போடுங்கள், அதுதான் உறுதி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அச்சைக் காட்டினால் வெட்டிக் கொடுப்பார்கள். சாதாரண இரும்பில் செய்தால் காசு குறையும். காசிமேட்டுக் காற்றில் ஒரு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். இரண்டு பக்கமும் போடுங்கள். கடைசியில் நட்டை 40 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்கி, முதல் 20 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

ஒயர் அச்சிலிருந்து வெளியே வந்ததும் கீழ்நோக்கி ஒரு வளைவு எடுத்து மேலே போகட்டும். மழைநீர் ஒயர் வழியே ஓடிவந்து அச்சுக்குள் போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பேட்டரி

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 32700 வகை, 6 ஆம்பியர்-மணி செல் 24. இரண்டிரண்டாக இணையாக வைத்து, அப்படிப் பன்னிரண்டு தொகுதிகளை வரிசையாகச் சேர்த்தால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, 460 வாட்-மணி. எடை மூன்றரை கிலோ. மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 – 12 வாட்-மணி ஆகும். எண்பது சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் 30 கிலோமீட்டர் வரும். சாதாரண 18650 லித்தியம் அயான் செல்லில் இதே அளவு இன்னும் லேசாக வரும். இருந்தாலும் நம் ஊர் வெயிலுக்கும் நெருக்கமான வீடுகளுக்கும் பாஸ்பேட்தான் பொருத்தம். தவறு நடந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதில் குறைவு. லெட் ஆசிட் மூன்று வைத்தால் பத்து கிலோவுக்கு மேல் சுமை. வேண்டாம்.

செல் வந்ததும் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் முழுதாக சார்ஜ் செய்து ஒரு வாரம் வைத்து மறுபடி அளந்து, மற்றவற்றைவிடக் கீழே இறங்கியவற்றை ஒதுக்கிவிடுங்கள். செல்லில் நேராக சால்டர் வைக்காதீர்கள். ஸ்பாட் வெல்ட் மட்டும். பாசிட்டிவ் முனையில் காப்புக் காகித வளையம் ஒட்டாமல் நிக்கல் பட்டை வைக்கக் கூடாது.

நிக்கல் பட்டை என்று விற்பதில் பாதி, நிக்கல் பூசிய இரும்பு. ஒரு துண்டை அரத்தால் கீறி ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போடுங்கள். காலையில் கீறல் பழுப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடலோரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. துரு ஏற ஏற இணைப்பில் தடை ஏறும், தடை ஏறினால் சூடு. நல்ல பட்டை 0.15 மில்லிமீட்டர் கனம், 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் வரிசை இணைப்பில் இரண்டு அடுக்கு போடுங்கள்.

செல்களைக் காக்கும் மின்சுற்றுப் பலகையான பிஎம்எஸ், 12 வரிசை பாஸ்பேட்டுக்கு உரியது, 20 ஆம்பியர். மெல்லிய ஒயர் 13 வரும். பலரும் பிஎம்எஸ்ஸைப் பொசுக்குவது இங்கேதான். 13 ஒயரையும் பேட்டரியில் இணைக்கும்போது கனெக்டர் பிஎம்எஸ்ஸில் சொருகப்பட்டிருக்கவே கூடாது. எல்லாம் இணைத்த பின் கனெக்டரிலேயே அளந்து பாருங்கள்: அடுத்தடுத்த இரு ஊசிகளுக்கிடையே ஒவ்வொன்றிலும் 3.2 – 3.3 வோல்ட், முதலுக்கும் கடைசிக்கும் 39 சுற்றி. எங்காவது 6.6 அல்லது பூஜ்யம் வந்தால் ஒயர் இடம் மாறியிருக்கிறது. மைனஸ் தடிமன் ஒயரை முதலில் பிஎம்எஸ்ஸில் சேர்த்து, அதன் பிறகு கனெக்டரைச் சொருகுங்கள். கையில் மோதிரம், காப்பு, செயின் எதுவும் வேண்டாம்.

சார்ஜர் 43.8 வோல்ட். லித்தியம் அயானுக்கான 42 வோல்ட் சார்ஜரைப் போட்டால் ஆபத்தில்லை. ஆனால் தொகுதிகள் சமப்படும் வோல்ட்டை எட்டாது, நாளாக நாளாக தூரம் குறையும். தலைகீழாக, 43.8 சார்ஜரை 10 வரிசை லித்தியம் அயான் பேட்டரியில் போட்டால் செல்லுக்கு 4.38 வோல்ட். அது தீ விபத்துக்கு வழி. வீட்டில் இரண்டு வகை சார்ஜரும் இருந்தால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பெட்டி, மழை புகாத பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். அதை ஃப்ரேம் முக்கோணத்துக்குள் கட்டுங்கள். கேரியரில் வைத்தால் குழியில் விழும் ஒவ்வொரு அதிர்வும் வெல்டுக்குப் போகும். ஃப்யூஸ் 20 ஆம்பியர், பேட்டரி பாசிட்டிவுக்கு ஒட்டினாற்போல். 32 வோல்ட் என்று எழுதிய கார் ஃப்யூஸ் இதற்கு ஆகாது. 58 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். முதன்மை ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. கனெக்டர் எக்ஸ்டி90-எஸ், சொருகும்போது வரும் பொறியை அது தடுக்கும். எல்லா முனைகளிலும் வாசலின் தடவி மூடுங்கள்.

கன்ட்ரோலர் இணைப்பு

ஒன்பது ஊசி ஒரே கனெக்டராக வந்தால் சொருகினால் முடிந்தது. தனித்தனியாக வந்தால் மோட்டாரை ஓட்டும் மூன்று தடிமன் ஒயர், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஐந்து மெல்லிய ஹால் ஒயர். கம்பெனி மாறினால் நிறம் பொருந்தும் என்று நம்பாதீர்கள். வீலைத் தூக்கி வைத்து, ஹால் ஒயரை நிறத்துக்கு நிறம் சேர்த்து, தடிமன் மூன்றையும் ஆறு விதமாக மாற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மோட்டார் சத்தமின்றி, ஓர் ஆம்பியர் அளவில் சுற்றும். மற்றவற்றில் உதறும், அதிக மின்சாரம் இழுக்கும், உடனே விட்டுவிடுங்கள்.

மோட்டார் உள்ளே இரைகிறது, வீல் மட்டும் அசையவில்லை என்றால் பலர் கியர் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மோட்டார் பின்பக்கம் சுற்றுகிறது, கிளட்ச் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஹால் சிக்னல் ஒயர் இரண்டை இடம் மாற்றி, ஆறு விதத்தையும் மறுபடி பாருங்கள். சரியான இணைப்பைத் தானே கண்டுபிடிக்கும் செல்ஃப் லேர்னிங் ஒயர் ஜோடி கன்ட்ரோலரில் இருந்தால் இத்தனை பாடும் இல்லை.

த்ராட்டிலின் கறுப்பு ஒயரைத் தனியாகக் கவனியுங்கள். அது அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி, சில கன்ட்ரோலர்களில் மோட்டார் முழு வேகம் எடுக்கும். கட்-ஆஃப் பிரேக் லீவரைச் செலவு என்று விடக் கூடாததற்கு இதுவே காரணம்.

பின்சேர்க்கை: கட்டியவர்கள் கேட்டவை

ஹால் ஒயர் வேலை செய்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கும்போது வீலைச் சுற்றினாலும் வோல்ட் மாறவில்லை என்கிறார்கள். முன்பக்கம் சுற்றினால் கிளட்ச் விடும், உள்ளே மோட்டார் நகராது. பின்பக்கம் சுற்றுங்கள், கறுப்புக்கும் ஒவ்வொரு சிக்னலுக்கும் இடையே 0, 5 என்று மாறி மாறி வரும்.

சுரங்கப்பாதைத் தண்ணீரில் போகலாமா? 26 இன்ச் வீலில் அச்சு தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேல். வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நிற்கும் நாளில் அந்த உயரத்தை எளிதில் தாண்டும். ஓடிச் சூடான மோட்டார் தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். பாலத்தைச் சுற்றிப் போங்கள். இறங்கிவிட்டால் அன்றே மூடியைக் கழற்றிக் காயவையுங்கள்.

வீட்டில் ஒரே வாசல் இருக்கிறது, சார்ஜ் எங்கே போடுவது? வாசலிலும் மாடிப்படி அடியிலும் மட்டும் கூடாது. தீ வந்தால் வெளியேறும் வழி அதுதான். பேட்டரியைக் கழற்றும்படி பொருத்தி, மொட்டை மாடி நிழலிலோ சிமென்ட் தரையில் துணிமணி இல்லாத மூலையிலோ போடுங்கள். மே மாத வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போட வேண்டாம். செல் 45 டிகிரிக்குக் கீழே இறங்க ஒரு மணி நேரமாவது விடுங்கள். எல்லோரும் விழித்திருக்கும்போதே போட்டு, படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.